நம்பர் ஒன்றுதான், எழுத்து வேறு: டீசல் டிராக்டருக்கு எந்த என்ஜின் ஆயில்?

கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஆயில் வாங்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் போய் நின்று "இருபது நாப்பது குடுங்க" என்பார்கள். கடைக்காரர் கைக்கு எட்டிய கேனை எடுத்து வைப்பார். நானும் பல வருஷம் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு புரட்டாசியில், ரெண்டாம் போகத்துக்கு முன்னால் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. வயல்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், அவசரம். பெரிய கேன் தீர்ந்துவிட்டது, லிட்டர் டப்பாதான் இருக்கிறது என்று சொல்லி ஏழு டப்பாவைக் கட்டிக் கொடுத்தார்கள். டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருந்தது. என் வண்டியின் புத்தகத்திலும் 20டபிள்யூ-40 என்றுதான் இருந்தது. ஊற்றிக்கொண்டு கொல்லங்கோடு பக்கம் தொளி உழவுக்கு, அதாவது சேற்று உழவுக்கு, போய்விட்டேன். இருநூறு மணி நேரம்கூட ஆகியிருக்காது, என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற பிரீத்தர் குழாயில் புகை வர ஆரம்பித்தது. தினமும் காலையில் ஆயில் மட்டம் பார்க்கிற கேஜைப் பார்த்தால் ஆயில் குறைந்திருந்தது. மெக்கானிக் என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப் போல்ட்டைக் கழற்றியபோது ஆயில் ஒழுகவில்லை, வெல்லப்பாகு மாதிரி மெதுவாக இறங்கியது. என்ஜினைப் பிரித்தால் ரிங்குகள் பிஸ்டன் காடியில் ஒட்டிப்போய் அசையாமல் இருந்தன. அவர் காலி டப்பாவைக் கேட்டார். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பைக்குக்கு ஊத்தறதுங்க, வண்டிக்கு இல்லீங்க" என்றார்.

சரியான நம்பரைப் பார்த்து வாங்கிய ஆயிலா இப்படிச் செய்தது என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் கேனின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகினேன். அங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று நம்பர், இன்னொன்று எழுத்து. நம்பர் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. அந்த ஆயில் எந்த என்ஜினுக்காகச் செய்தது, எவ்வளவு கரியையும் சூட்டையும் தாங்கும் என்பதை எழுத்து சொல்கிறது. நாம் நம்பரை மட்டும் கேட்டு வாங்குகிறோம். டீசல் என்ஜினைக் காப்பதில் பெரிய பங்கு எழுத்துக்குத்தான்.

முதலில் நம்பரை முடித்துவிடலாம். எந்த எண்ணெயும் சூடானால் இளகும், குளிர்ந்தால் கெட்டியாகும். தென்னந்தோப்புக்குள் வாழ்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதையும், வெயில் ஏறியதும் தண்ணீர் மாதிரி ஓடுவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள். என்ஜின் ஆயில் குளிரிலும் ஓட வேண்டும், கொதிக்கிற சூட்டிலும் தண்ணீராகிவிடக் கூடாது. அந்த இரண்டு நிலையையும்தான் இரண்டு எண்களில் சொல்கிறார்கள். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு. பின்னால் இருக்கும் 30, 40, 50 என்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. 40 என்று போட்டால் அந்தச் சூட்டில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கிற அலகு) வரைக்குள் இருக்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் தண்ணீரின் அளவு ஏறத்தாழ 1 என்று வைத்துக்கொண்டால் ஒரு கணக்குக் கிடைக்கும்.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 15டபிள்யூ ஆயிலை ஸ்டார்ட்டிங்குக்குச் சோதிப்பது மைனஸ் 20 டிகிரியில். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில். பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே 15டபிள்யூ-40 நல்லதா, 20டபிள்யூ-40 நல்லதா என்று டீக்கடையில் நடக்கிற வாதத்தில், குளிரைப் பொறுத்தவரை நம் ஊருக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. சூடான பிறகு இரண்டும் ஒரே 40 தான். 15டபிள்யூ காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வேகமாக மேலே வால்வைத் தட்டுகிற ராக்கர் வரைக்கும் போய்ச் சேரும், அவ்வளவுதான். பங்குனி, சித்திரையில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடுகிற ஊர் என்பதால் பின்னால் இருக்கிற எண்தான் நமக்கு முக்கியம். புத்தகத்தில் 40 என்று இருந்தால் 40.

அந்தப் பின் எண்ணை இஷ்டத்துக்கு ஏற்றுகிற பழக்கமும் இருக்கிறது. வண்டி பழையதாகி நீலப்புகை விட ஆரம்பித்தால், கெட்டி ஆயில் ஊற்றினால் நின்றுவிடும் என்று 50 வாங்கி ஊற்றுவார்கள். புகை கொஞ்சம் குறையும், உண்மைதான். ரிங்குக்கும், பிஸ்டன் ஓடுகிற குழலான லைனருக்கும் நடுவில் விழுந்த இடைவெளியில் கெட்டி ஆயில் சட்டென்று மேலே ஏறாது. ஆனால் அதே ஆயில் கிராங்க் தண்டைத் தாங்குகிற மெட்டலுக்கும் ராக்கருக்கும் போகிற பொடி ஓட்டைகளிலும் மெதுவாகத்தான் போகும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் உலோகத்தோடு உலோகம் உரசும். என்ஜின் தேய்மானத்தில் மோசமான நேரம் அதுதான். வேறு வழியே இல்லாமல் ஒரு போகத்தை ஓட்டி முடிக்கச் செய்தால் புரிந்துகொள்ளலாம். அதையே வைத்தியமாக நினைத்து மூன்று வருஷம் ஓட்டியவர்கள், கடைசியில் ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவைக் கிராங்க் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இனி எழுத்துக்கு வருவோம். கேனில் ஏ.பி.ஐ. என்று போட்டு அதன் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். அது வகுத்த தரப் பட்டியலைத்தான் நம் நாட்டு டிராக்டர் கம்பெனிகளும் புத்தகத்தில் போடுகின்றன. எஸ் என்று ஆரம்பித்தால் பெட்ரோல் என்ஜின், சி என்று ஆரம்பித்தால் டீசல் என்ஜின். அதற்கு அடுத்த எழுத்து அகரவரிசையில் மேலே போகப் போகத் தரம் புதியது. சிஎஃப்-4 வந்தது 1990இல். சிஎச்-4 1998இல், சிஐ-4 2002இல், சிகே-4 2016 கடைசியில். கூட ஒட்டியிருக்கிற 4, நாலு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதைச் சொல்கிறது.

எனக்குக் கட்டிக் கொடுத்த டப்பாவில் எஸ்எல் என்றும், பைக் கிளட்சுக்கான ஜப்பான் தர அடையாளம் ஒன்றும் இருந்தன. பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, அது வழுக்கக் கூடாது என்பதற்காகத் தயாரித்த ஆயில் அது. அதன் வேலையில் அது நல்ல ஆயில்தான். டீசல் என்ஜினில் உருவாகிற கரியைச் சமாளிக்க அதைச் செய்யவில்லை.

இந்தக் கரி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எழுத்துகள் மாறியதற்குப் பெரிய காரணமே கரிதான். டீசலை நெருப்புப்பொறி வைத்து எரிப்பதில்லை. அழுத்தத்தில் கொதிக்கிற காற்றுக்குள் நாசில் பீய்ச்சியதும் அது எரிகிறது. எரிகிற இடத்தில் காற்று சரியாகக் கலக்காத துளிகள் கரியாகின்றன. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போகும். கொஞ்சம் லைனர் சுவரில் ஒட்டி, ரிங் வழித்துக்கொண்டு வந்து ஆயிலில் சேரும். இந்தக் கரித் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. தனித்தனியாக மிதக்கிற வரை தொந்தரவில்லை, இரண்டு உலோகத்துக்கும் நடுவில் இருக்கிற ஆயில் படலத்தில் அவை சும்மா போய்வரும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியானால்தான் ஆபத்து. ஆயில் தடிக்கும், பில்டர் அடைக்கும், ரிங் காடியில் போய் உட்கார்ந்து வேகும். டீசல் ஆயிலில் சேர்க்கிற மருந்துகளில் ஒரு வகை, ஒவ்வொரு துகளையும் தனியாகச் சுற்றிப் பிடித்து மிதக்கவிடுவதற்காகவே இருக்கிறது. இன்னொரு வகை பிஸ்டனில் படிவதைக் கழுவி விடும், கூடவே எரிவதில் உண்டாகிற அமிலத்தை முறிக்கும். சிஎஃப்-4இல் இருந்து சிஎச்-4, சிஐ-4 என்று ஏற ஏற, எவ்வளவு கரியைச் சுமந்துகொண்டு தடிக்காமல் இருக்க வேண்டும் என்ற சோதனை கடுமையாகிக்கொண்டே போனது. புகைக்கட்டுப்பாட்டுக்காக என்ஜின்களில் டீசல் பீய்ச்சுகிற டைமிங்கை மாற்றியதும், புகையின் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்பியதும் ஆயிலுக்கு வந்து சேர்கிற கரியை அதிகமாக்கின. ஆயில் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

இதனால்தான் டீசல் ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துப்போகிறது. அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. கரியைப் பிடித்து வைத்திருக்கிறது, வேலை செய்கிறது என்று அர்த்தம். மாற்றி ஒரு வாரம் ஆகியும் ஆயில் பளிச்சென்று இருந்தால் எனக்கு அதுதான் கவலை தரும்.

எந்த எழுத்து வாங்குவது என்றால், புத்தகத்தில் போட்டிருப்பதற்குக் கீழே இறங்கக் கூடாது. சி வரிசையில் மேலே போகலாம். சிஎஃப்-4 கேட்கிற வண்டிக்குச் சிஎச்-4, சிஐ-4 தாராளமாக ஊற்றலாம், அந்தத் தரங்களை அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் போகக் கூடாது. சிஐ-4 கேட்கிற டர்போ வண்டிக்கு, விலை மலிவாக இருக்கிறதே என்று சிஎஃப்-4 வாங்கி ஊற்றுவது என் பைக் ஆயில் கதையின் தம்பிதான். எஃப்ஏ-4 என்று ஒரு தரம் உண்டு. அது மெல்லிய 30 ஆயில், அதற்கென்றே வடிவமைத்த புதிய என்ஜின்களுக்கு மட்டும் ஆனது. நம் டிராக்டர்களுக்கு வேண்டாம்.

புது வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இந்த வண்டிகளில் சிலவற்றின் சைலன்சர் வரிசையில் கரியைப் பிடித்து எரிக்கிற வடிகட்டி இருக்கும். நான் மேலே சொன்ன கழுவுகிற மருந்துகள் உலோக உப்புகள். ஆயில் எரிந்தால் அவை சாம்பலாக நிற்கும். கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டியில் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சிஜே-4, சிகே-4 ஆயில்களில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வடிகட்டி உள்ள வண்டிக்கு, பழைய வண்டிக்கு வாங்கிய அதே சிஐ-4 கேனில் இருந்து ஊற்றாதீர்கள். எங்கள் பக்கம் இன்னும் 35 முதல் 50 வரையிலான வண்டிகள்தான் அதிகம் என்பதால் இது பலருக்கும் இப்போதைக்கு வராத பிரச்சினை.

இதுவரைக்கும் கேனில் எழுதியிருப்பது. கேனில் எழுதாத ஒன்று, வண்டி என்ன வேலை செய்கிறது என்பது. எங்கள் சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பக்கம் கரிசல் மண். கேரளத்தில் வேறெங்கும் பார்க்க முடியாத மண். காய்ந்தால் பாறை, உழுதால் மாவு. மார்கழி, தையில் கணவாய்க்குள் கிழக்குக் காற்று அடிக்கும்போது ஒன்பது கலப்பை போட்டு ஓட்டினால் வண்டிக்குப் பின்னால் எதுவும் தெரியாது, அவ்வளவு புழுதி. அதே வண்டி மேற்கே கொல்லங்கோடு, நெம்மாறை போனால் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டும். ஒன்றில் மண் ஆயிலுக்குள் வருகிறது, இன்னொன்றில் ஆயில் வெந்துபோகிறது.

புழுதி எப்படி ஆயிலுக்கு வரும் என்று கேட்கலாம். காற்றுக் குடுவை வழியாகத்தான். நம் வண்டிகளில் பலவற்றில் இன்னும் ஆயில் குடுவை வைத்த ஏர் கிளீனர்தான். உள்ளே வருகிற காற்று அந்த ஆயிலில் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போகும். குடுவையின் அடியில் சேறு சேர்ந்துவிட்டால் காற்றோடு மண்ணும் உள்ளே போகும். மணல் துகள் ரிங்கை அரைக்கும், லைனரை அரைக்கும், ஆயிலில் கலந்து மெட்டலை அரைக்கும். உலகத்தில் எந்த விலை ஆயிலும் அதைத் தடுக்காது. புழுதி உழவு நாட்களில் குடுவையைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும், கோடு வரைக்கும்தான் ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே ஊற்றினால் அந்த ஆயிலையே என்ஜின் உறிஞ்சி எரிக்க ஆரம்பிக்கும்.

தொளி உழவில் வேறு கணக்கு. ரோட்டவேட்டரைச் சுற்ற வைக்கிற பின்பக்கத் தண்டான பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும், அதற்காக என்ஜினை மணிக்கணக்கில் ஒரே வேகத்தில், முழுப் பளுவில் பிடித்து வைக்கிறோம். முன்னால் ரேடியேட்டர் ஜன்னலில் சேறும் வைக்கோலும் ஒட்டிக் காற்றை அடைக்கும். ஆயில் சூடு ஏறும். ஒரு அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயில் கெடுகிற வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று இத்துறையில் ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டரை மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஒருமுறை துடைத்துவிடுவது, நூறு ரூபாய் கூடுதல் விலை ஆயிலைவிட அதிகமாக என்ஜினைக் காப்பாற்றும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது? பல வண்டிகளுக்குப் புத்தகம் 250 மணி என்று சொல்லும். சில புதிய வண்டிகளுக்கு, அதற்கேற்ற ஆயிலோடு, அதைவிட அதிகம். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணியில். இங்கே நாம் ஏமாறுவது மாதக் கணக்கில். "மூணு மாசம் முன்னாடிதானே மாத்தினேன்" என்பார்கள். தொளி உழவு சீசனில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 250 மணி இருபத்தைந்தே நாளில் முடிந்துவிடும். அதே வண்டி அப்புறம் நாலு மாதம் தேங்காய் வண்டி இழுத்துக்கொண்டு நூறு மணியைத் தாண்டாது. ஆகவே மீட்டரைப் பார்த்து மாற்ற வேண்டும், மீட்டர் ஓடாத வண்டிக்கு முதல் வேலை மீட்டரைச் சரிசெய்வதுதான். மணி நிறையாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், நின்ற வண்டியிலும் ஆயிலில் ஈரம் சேரும். பில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். சில வண்டிகளில் டீசல் பம்புக்குத் தனியாக ஆயில் இருக்கும், அதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு குழப்பம், ஷெட்டில் வரிசையாக நிற்கிற கேன்கள். கியர் பெட்டி, ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கி இருக்கிற பிரேக் மூன்றுக்கும் சேர்த்து ஊற்றுகிற டிரான்ஸ்மிஷன் ஆயில் ஒன்று உண்டு. கேனிலும் டிராக்டர் படம்தான் போட்டிருக்கும். அதை என்ஜினில் ஊற்றக் கூடாது, கரியைத் தாங்க அதில் எதுவும் இல்லை. என்ஜின் ஆயிலைப் பின்னால் ஊற்றினால் பிரேக் கத்தும். இரண்டுக்கும் ஆகும் என்று சொல்லி வருகிற பொது ஆயில்களும் இருக்கின்றன, புத்தகம் அனுமதித்தால் மட்டும் பயன்படுத்தலாம்.

கம்பெனி எது என்று கேட்பவர்களுக்கு: டிராக்டர் கம்பெனி தன் பெயரில் விற்கிற ஆயிலும் ஏதோ ஓர் எண்ணெய் நிறுவனம் தயாரித்துக் கொடுப்பதுதான். சர்வோ, மேக் போன்ற பொதுத்துறை ஆயில்களோ தனியார் ஆயில்களோ, நம்பரும் எழுத்தும் புத்தகத்தோடு பொருந்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாரண்டி ஓடுகிற வண்டிக்கு மட்டும் கம்பெனி சொன்னதையே ஊற்றி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். வழியில் ஆயில் குறைந்து அவசரமாக வேறு கம்பெனி ஆயில் ஊற்ற நேர்ந்தால் பயப்பட வேண்டாம், ஒரே தரத்து ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதுதான் ஆபத்து. என் பயமெல்லாம் போலி ஆயில்மேல். காலி கேனை நல்ல விலைக்குக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். மூடியைத் திருகினால் வளையம் அறுந்து விழ வேண்டும், பில் கேட்டால் கொடுக்க வேண்டும். நான் காலி கேனில் கடப்பாரையால் ஓட்டை போட்டுவிட்டுத்தான் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறேன்.

ஊற்றியிருக்கிற ஆயில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. என்ஜின் சூடாக இருக்கும்போது கேஜை எடுத்து ஒரு சொட்டை மை உறிஞ்சும் தாளிலோ மழமழப்பில்லாத வெள்ளைத் தாளிலோ விட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கறை நடுவில் இருந்து ஓரம் வரை ஒரே சாம்பல் நிறமாகப் பரவியிருந்தால் ஆயில் இன்னும் கரியைத் தாங்குகிறது. நடுவில் கன்னங்கரேல் என்று வட்டம் நின்று, அதைச் சுற்றி வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால் அதன் தாங்கும் சக்தி முடிந்துவிட்டது. கேஜில் ஆயில் குறைவதைப் பார்க்கிற நாம் கூடுவதையும் பார்க்க வேண்டும். ஊற்றாமலே மட்டம் ஏறி டீசல் வாசம் வந்தால் பம்பிலோ நாசிலிலோ கசிவு. மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டிலோ லைனர் அடியிலோ தண்ணீர் இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் ஆயிலை மாற்றுவது மருந்தாகாது, வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

என் வண்டியின் டூல் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் இப்போது வெள்ளைப் பெயின்டில் மூன்று வரி எழுதியிருக்கிறது. 15டபிள்யூ-40, சிஐ-4. ஏழு லிட்டர். மூன்றாவது வரி அடுத்து மாற்ற வேண்டிய மீட்டர் மணி, அதை மட்டும் ஒவ்வொரு முறையும் அழித்து எழுதுகிறேன். டிரைவர் தம்பி ஆயில் வாங்கப் போகும்போது அந்த மூடியைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் போகிறான்.